உப்பிய பையும் நுரைத்த பீரும்

மாங்கூழ் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பது உப்பிய பைதான். 215 கிலோ கூழ் நிரப்பிய அசெப்டிக் பை இரும்பு டிரம்முக்குள் அடக்கமாகக் கிடக்க வேண்டும். மூடியைக் கழற்றியதும் அது தலையணை போலப் புடைத்து மேலே வந்தால் தீர்ந்தது. உள்ளங்கையால் அழுத்தினால் காற்றுதான் தட்டுப்படும். பையைக் கிழித்தால் மாம்பழ வாசனைக்கு முன்னால் புளித்த கள்ளின் வாசனை முகத்தில் அடிக்கும். எங்கோ ஒரு ஈஸ்ட் தப்பிப் பிழைத்து, பெருகி, சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிட்டது என்று அர்த்தம். பிறகு அன்றைக்கு ஓடிய லாட் முழுவதையும் நிறுத்தி வைத்து, யார் ஷிப்டு, எந்த வால்வு, நீராவி அழுத்தம் எவ்வளவு என்று பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

கிருஷ்ணகிரியிலிருந்து காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் போகும் சாலைகளில் இப்படிப்பட்ட ஆலைகள் பல உண்டு. மே மாதத்தில் அல்போன்சா ஓடும். ஜூன், ஜூலையில் பெங்களூரா. வெளியூர்க்காரர்கள் தோத்தாபுரி என்பார்கள், கிளிமூக்கு என்றாலும் அதுதான். எத்திலீன் வாயு விட்ட அறையில் பழுத்த பழத்தைக் கழுவி, கொட்டை நீக்கி, சல்லடையில் அரைத்து, சூடாக்கி, கிருமி நீக்கி, காற்றே படாமல் பையில் அடைத்துவிடுவோம். பை ஏற்கெனவே காமா கதிரில் சுத்தம் செய்யப்பட்டு வருகிறது. பிரிட்ஜ் வேண்டாம், பிரிசர்வேட்டிவ் வேண்டாம், ஓராண்டுக்கு மேல் தாங்கும். அது தாங்கும் என்று கையெழுத்துப் போடுவதுதான் என் வேலை. ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து, வெதுவெதுப்பான பெட்டியில் நாள்கணக்கில் வைத்துப் பார்ப்பேன்; கிருமி வளர்த்துப் பார்க்கும் அகார் தட்டில் ஊற்றி, வெண்ணெய் நிறத்தில் பொட்டுப் பொட்டாக ஏதாவது முளைக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் தேடுவேன். ஒன்றும் முளைக்காத தட்டுதான் எனக்கு நல்ல தட்டு.

இந்த நிலையில்தான் பெங்களூரிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பேசியவர் மைக்ரோப்ரூவரி எனப்படும் ஒரு சிறு மதுக்கூடத்தில் பீர் காய்ச்சுபவர். ஓசூர்க்காரர், என்னைவிட நன்றாகவே இளையவர்.

"மேடம், உங்கள் கூழில் பிரிசர்வேட்டிவ் ஏதாவது சேர்க்கிறீர்களா?"

இந்தக் கேள்வியைக் குழந்தை உணவு தயாரிப்பவர்கள் கேட்பார்கள், ஐரோப்பாவுக்கு அனுப்புபவர்கள் கேட்பார்கள். இவருடைய காரணம் வேறு. "சேர்த்திருந்தால் என் ஈஸ்ட் வேலை செய்யாது" என்றார். என் ஈஸ்ட் என்று ஒருவர் இத்தனை பாசமாகச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எங்கள் ஆலையில் அந்தப் பெயரை எடுத்தாலே மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்.

கர்நாடகத்தில் உணவகத்துக்குள்ளேயே பீர் காய்ச்சி அங்கேயே பரிமாறும் கடைகள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரத் தொடங்கின. இப்போது பெங்களூரில் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கின்றன. கோடை வந்தால் மாம்பழ பீர் எழுதாத பலகை குறைவு. தமிழ்நாட்டில் அந்த வகைக் கடை முளைக்கவில்லை. இங்கே மது சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. ஆகவே எல்லையிலுள்ள அத்திப்பள்ளிக்கு அந்தப்புறம் பீராகிற மாம்பழம், இந்தப்புறம் கூழாகிறது. எல்லையைத் தாண்டுவது கூழ்தான்.

முதலில் அவர் கேட்டது அல்போன்சா. அந்தப் பெயர் பலகையில் இருந்தால் விற்கும் என்றார். நான் தயங்கினேன். கூழின் இனிப்பை நாங்கள் பிரிக்ஸ் கணக்கில் அளக்கிறோம். பெங்களூரா 14 இருந்தால் போதும், அல்போன்சா அதைவிடக் கூட வரும். ஆனால் ஈஸ்டுக்கு முன்னால் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது. மாம்பழத்தில் இருக்கும் சுக்ரோஸ், குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் மூன்றையும் அது மிச்சமில்லாமல் தின்றுவிடும். மிஞ்சுவது புளிப்பும் கொஞ்சம் வாசனையும்தான். அந்த வாசனையையும் கொதிபோலக் கிளம்பும் கரியமில வாயு வெளியே இழுத்துக்கொண்டு போய்விடும். விலை கூடிய பழத்தை முதல் நாளே தொட்டியில் கொட்டினால் காசுதான் ஆவியாகும். முக்கிய நொதிப்பு அடங்கிய பிறகு கூழைச் சேருங்கள் என்றேன். தானும் அப்படித்தான் யோசித்ததாகச் சொன்னார். உண்மையோ, மரியாதைக்குச் சொன்னாரோ, தெரியாது. அதற்குப் பிறகு மேடம் போய் அக்கா வந்துவிட்டது.

ஒருமுறை விற்பனைப் பிரிவு அலுவலரோடு அங்கே போக வேண்டியிருந்தது. வாடிக்கையாளரின் இடத்தைப் பார்ப்பது நடைமுறைதான். வீட்டில் மாமியாரிடம் "வாடிக்கையாளர் ஆலைக்குப் போகிறேன்" என்று சொன்னேன், பொய்யில்லை. கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் கூம்பு அடி கொண்ட எவர்சில்வர் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் இறங்கி வாளித் தண்ணீருக்குள் முங்கியிருந்தது. வாளியில் குமிழி விடாமல் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆலையில் எந்தப் பாத்திரத்திலிருந்து அப்படிக் குமிழி வந்தாலும் நான் லைனை நிறுத்தச் சொல்லிவிடுவேன். அவர் அதைப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார்.

வேடிக்கை அதோடு முடியவில்லை. அவர் தொட்டியைக் கழுவும் முறையைப் பார்த்தேன்: காஸ்டிக் சோடா, அமிலம், கடைசியில் பெராசிடிக் அமிலம். எங்கள் குழாய்களில் ஓடும் அதே மருந்துகள், கிட்டத்தட்ட அதே வரிசை. மூலையில் ஒரு சிறு மேசை, அதில் நுண்ணோக்கி. ஈஸ்டில் ஒரு துளி எடுத்து மெத்திலீன் நீலச் சாயத்தோடு கலந்து, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்தார். செத்த செல் நீலமாகும், உயிருள்ளது நிறம் ஏறாமல் இருக்கும். நீலத்தை எண்ணி, அடுத்த காய்ச்சலுக்கு அந்த ஈஸ்டையே திரும்பப் போடலாமா என்று முடிவெடுப்பார். நானும் எண்ணிப் பிழைப்பவள்தான், ஆனால் என் எண் பூஜ்யமாக இருக்க வேண்டும்.

"உங்களுக்கு எதைக் கண்டு பயம்?" என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "வெளியிலிருந்து வரும் ஈஸ்ட், லாக்டிக் பாக்டீரியா. அதனால்தான் அக்கா, தெருமுனையில் பழம் வாங்கி நானே அரைத்துப் போடாமல் உங்களிடம் வருகிறேன். தோலிலேயே ஆயிரம் இருக்கும்."

அங்கேதான் எனக்கு அவருடைய தொழில் பிடிபட்டது. பீர் காய்ச்சுவது என்றால் எதையோ புளிக்க விடுவது என்றுதான் எங்கள் ஊரில் பாதிப்பேர் நினைக்கிறார்கள். நானும் பெரிதாக மாறுபட்டு நினைக்கவில்லை. அவர் செய்வது அதற்கு நேர்மாறு. தான் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு ஈஸ்ட் ராஜ்யம் செய்வதற்காக மற்ற எல்லாவற்றையும் கொன்று துடைக்கிறார். துடைக்கும் வேலையில் பெரும்பகுதி நானும் அவரும் ஒரே பாதையில்தான் நடக்கிறோம். என் கூழில் ஒன்றே ஒன்று தப்பினாலும் எனக்கு ஒரு பை போகும், அவருக்கு ஒரு தொட்டி போகும். எங்கள் ஆய்வகச் சான்றிதழை ஏற்றுமதி முகவர்கள் கோப்பில் சொருகிவிடுவார்கள். வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்டவர் இவர்தான்.

ஒரு தகராறும் வந்தது. மாம்பழ பீர் கலங்கலாக இருக்கிறது, எத்தனை நாள் குளிரில் வைத்தாலும் தெளியவில்லை என்றார். அது பெக்டின், பழத்திலேயே இருக்கும், கூழைக் கெட்டியாக்கும் பசை. கூழின் நிறமும் பதமும் கெடாமலிருக்க ஆரம்பத்திலேயே சூடாக்கிப் பழத்தின் சொந்த நொதிகளைச் செயலிழக்கச் செய்துவிடுகிறோம். பெக்டினைக் கரைத்திருக்கக்கூடிய நொதியும் அதில் போய்விடுகிறது. ஜூஸ் கம்பெனிக்குக் கெட்டியான கூழ் வரம். பீருக்கு அதுவே வம்பு. அதைக் கரைக்கும் நொதியான பெக்டினேஸ் சேர்த்துப் பாருங்கள் என்றேன். சில குடிப்பவர்கள் கலங்கலைத்தான் விரும்புகிறார்கள் என்று பிறகு அவரே சொன்னார். இதற்கு நான் என்ன செய்ய?

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஆயிரம் லிட்டர் காய்ச்சலுக்கு அவர் நூறு கிலோ அளவுக்குத்தான் கூழ் போடுகிறார். அரை டிரம். திறந்த பையை மூடி வைக்க முடியாது, மறுநாளே என் எதிரிகள் குடியேறிவிடுவார்கள். ஆகவே டிரம் வேண்டாம், 3.1 கிலோ டப்பாவில் கொடுங்கள் என்றார். ஆறு டப்பா ஒரு பெட்டி. எங்கள் பக்கத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் இருபதடிக் கன்டெய்னரில் 80 டிரம் ஏறும், சுமார் 17 டன். ஒரு கன்டெய்னர் சரக்கைத் தீர்க்க அவர் எத்தனை தொட்டி காய்ச்ச வேண்டும் என்று கணக்குப் போட்டால் நூற்றெழுபதுக்குப் பக்கத்தில் வருகிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்படிச் சிறிய அளவில் காய்ச்சும் கிராஃப்ட் பீர் வந்துவிட்டது, மா விவசாயிக்குப் புதுச் சந்தை பிறந்துவிட்டது என்று உற்சாகமாகப் பேசுபவர்களைப் பார்க்கிறேன். 2025 ஜூனில் பெங்களூரா விலை கிலோவுக்கு ஒற்றை இலக்கத்துக்கு விழுந்தபோது ஆலை வாசலில் டிராக்டர்கள் நின்ற நீளத்தை அவர்கள் பார்த்திருக்க வேண்டும். பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாது என்று மரத்திலேயே விட்டவர்கள் உண்டு. ஆந்திராவில் ஆலைகள் 8 ரூபாயும் அரசு 4 ரூபாயுமாகச் சேர்த்துக் கொடுத்த கணக்கைச் சொல்லி எங்கள் விவசாயிகள் நியாயம் கேட்டார்கள். அந்த வரிசையில் ஒரே ஒரு டிராக்டரின் சுமை, பெங்களூரின் பல கடைகளுக்குச் சீசன் முழுவதும் போதும். பீர்க்காரர்கள் நல்ல வாடிக்கையாளர்கள், காசு தாமதிக்காதவர்கள். ஆனால் மா விவசாயியைக் கரையேற்ற அவர்களால் ஆகாது. அதற்கு ஜூஸ் கம்பெனிகள் வாங்கும் அளவும் அரசு தலையிடும் வேகமும்தான் வழி.

எங்கள் ஆலைக்குள் இந்த ஆர்டர் கிளப்பிய சங்கடம் தனி. அனுப்புகைப் பிரிவில் இருக்கும் பெரியவர் ரசீதில் எல்லா விவரமும் எழுதுவார். பதிவேட்டில் மட்டும் 'பானத் தயாரிப்பு' என்று எழுதி நிறுத்திக்கொள்வார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்த மண்ணுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கிறது. 1937-ல் சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக வந்தது சேலம் மாவட்டத்தில். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் அன்றைக்கு அந்த மாவட்டத்துக்குள்தான் இருந்தன. கொண்டுவந்த ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்து ஊர். "பீர் கம்பெனிக்கா மேடம் போயிருந்தீர்கள்?" என்று பாக்கிங் பிரிவுப் பெண்கள் கேட்டுச் சிரித்தபோது நானும் சிரித்தேன். அவர்களில் சிலருடைய வீட்டில் டாஸ்மாக் என்ன செய்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால் ருசி பார்த்தீர்களா என்று கேட்டபோது நாக்கில் தொட்டுப் பார்த்ததைச் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது, கொஞ்சம் கசப்பு.

பீர் காய்ச்சுபவர் கேட்டதில் எனக்கு நம்பிக்கை தந்தது மாம்பழமல்ல, ராகி. தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் மானாவாரியில் விளையும் ராகியை முளைகட்டிக் கொடுக்க ஆள் கிடைக்குமா என்று விசாரித்தார். முளைகட்டிய ராகியில் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் மற்றச் சிறுதானியங்களைவிட நன்றாகவே இருக்கின்றன. நேபாளத்திலும் சிக்கிமிலும் அதை நொதிக்க வைத்துக் குடிப்பது பழைய வழக்கம். சிக்கல் வடிகட்டுவதில் வருகிறது. பார்லியின் உமி அடியில் படிந்து தானே சல்லடையாகிவிடும். ராகிக்கு அந்த உமி கிடையாது; கஞ்சியாக இறுகித் தொட்டியை அடைத்துவிடும். எனவே பார்லியோடு கலந்துதான் காய்ச்சுகிறார்கள். ராகிக்கு 2025-26-க்கான குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். தர்மபுரியில் 2023 முதல் ரேஷனிலும் ராகி கொடுக்கிறார்கள். விவசாயிக்கு அடியில் ஒரு தரை இருக்கிறது. அதன்மேல் நின்றுகொண்டு, முளைகட்டிக் காயவைக்கும் கூலியையும் சேர்த்துப் பேரம் பேசலாம். அழுகும் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படிப் பேச முடியாது.

வரும் சீசனுக்கு அவர் செந்தூரா கேட்டிருக்கிறார். நிறத்துக்காக என்கிறார். செந்தூரா எங்கள் லைனில் ஓடுவது சில நாட்கள்தான், அதுவும் அல்போன்சாவுக்கு முன்னால். ஏப்ரலுக்குள் முன்பணம் கட்டினால் டப்பாவில் அடைத்துத் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பெக்டினேஸ் அளவைச் சிறிய கேனில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்வதாகவும், எனக்கு ஒரு மாதிரி அனுப்புவதாகவும் சொன்னார். மாதிரி வேண்டாம் தம்பி, எண்களை மட்டும் அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.