காலையில் எழுந்தேன்

கண்புரை ஆபரேஷன் முடிந்து, கறுப்புக் கண்ணாடியோடு அத்தை எங்கள் வீட்டுச் சாய்வு நாற்காலியில் வந்து உட்கார்ந்த அன்றுதான் என் இசைத் தேடலுக்கு முதன்முறையாக ஓர் எதிர்க்கட்சி உருவானது.

அதுவரை ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி எல்லாம் நான் ஒருவன்தான். வெள்ளிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் விளக்கைக் குறைத்துவிட்டு, முன்பு கேட்டிராத ஓர் ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேட்பது என் வழக்கம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாட்டான ப்ளூஸ், அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, பான்ஜோ வாசிக்கிற மலைப்பாட்டு, அந்த வகையறா. நடுவில் எழுந்திருக்கக் கூடாது, செல்போனைத் தொடக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருக்கிறேன். என் மனைவி இதை வெள்ளிக்கிழமை விரதம் என்பாள். அவள் அதை அனுஷ்டிப்பதில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தூங்கிவிடுவாள்.

அத்தைக்கு அந்த வசதி இல்லை. ஆபரேஷன் ஆனவர்கள் டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னாரோ இல்லையோ, என் மனைவி சொல்லிவிட்டாள். ஊரில் அத்தைக்கு மூன்று ஏக்கர் முருங்கைத் தோட்டம், பங்காளியோடு பொதுவில் ஒரு கிணறு, அந்தக் கிணற்றில் யார் எத்தனை மணி நேரம் மோட்டார் ஓட்டுவது என்பதில் பதினோரு வருடத் தகராறு. தகராறை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டாள்:

"என்னவோ பாட்டு வைப்பாயாமே மருமகனே. வை, கேட்போம்."

திரும்பிப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடி, அசையாத தலை, மடியில் பனையோலை விசிறி. விசிறியை எடுத்துவிட்டுக் கிடாரைக் கொடுத்தால் பழைய ப்ளூஸ் பாடகர் ரெவரெண்ட் கேரி டேவிஸின் ஆல்பம் அட்டைதான்.

பழைய மிஸ்ஸிசிப்பித் தொகுப்பு ஒன்றை வைத்தேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. எனவே பாட்டுக்குப் பாட்டு மொழிபெயர்ப்பு என் தலையில்.

"என்ன சொல்கிறான்?"

"காலையில் எழுந்தேன், பெண்டாட்டியைக் காணோம் என்கிறான்."

அடுத்த பாட்டு.

"இவன்?"

"இவனும் காலையில் எழுந்தான். ஆற்றில் வெள்ளம் வந்து வீடு போய்விட்டது. 1927-இல் மிஸ்ஸிசிப்பியில் பெரிய வெள்ளம், அத்தை. அதை வைத்தே நிறையப் பாட்டுகள் உண்டு."

மூன்றாமவனும் காலையில்தான் எழுந்தான். அத்தை விசிறியை நிறுத்தினாள். "இவர்கள் எல்லாம் கொஞ்சம் தாமதமாக எழுந்திருந்தால் ஒரு பிரச்சினையும் வந்திருக்காது போலிருக்கிறதே" என்றாள். பிறகு, "ஏன் சொன்னதையே திரும்பச் சொல்கிறான்?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் பல வருடங்களாகக் காத்திருந்தேன். 12 பார் ப்ளூஸ் என்றால் என்ன, மூன்றே மூன்று கார்டுகள், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்கள், எப்படி மாறி மாறி வருகின்றன, முதல் வரியை இரண்டு முறை பாடிவிட்டு மூன்றாவது வரியில் எப்படி முடிச்சை அவிழ்ப்பார்கள் என்று கை அசைத்து விளக்கினேன். நான் முடிக்கும் வரை பொறுமையாக இருந்தாள்.

"அதுதானே! பங்காளியிடம் ஒரு தடவை சொன்னால் காதில் விழாத மாதிரி இருப்பான். திரும்பவும் அதையே சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை வேறு மாதிரி சொல்ல வேண்டும்."

இவ்வளவுதான் விஷயம். இதற்கு நான் எத்தனை கட்டுரைகள் படித்திருக்கிறேன் என்பதை அத்தையிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் பாடகர்களின் பெயர்களைக் கேட்டாள். பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன், பிளைண்ட் பிளேக், பிளைண்ட் வில்லி மெக்டெல், பிளைண்ட் வில்லி ஜான்சன் என்று ஒப்பித்தேன். பிளைண்ட் என்றால் கண் தெரியாதவர், லெமன் என்றால் எலுமிச்சை என்று அர்த்தம் சொன்னதுதான் தப்பு. "கண் தெரியாத எலுமிச்சையா?" என்று சிரிக்க ஆரம்பித்தாள். தையல் போட்டிருந்தால் பிரிந்திருக்கும். நல்லவேளை, இந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷனில் பெரும்பாலும் தையலே இல்லை. லெமன் அவருடைய இயற்பெயர்தான் என்றேன். செல்போனை முகத்துக்கு அருகே கொண்டுபோய், கழுத்தில் டையும் முகத்தில் மூக்குக் கண்ணாடியுமாக இருக்கும் அவருடைய புகழ்பெற்ற படத்தைக் காட்டினேன். "கண் தெரியாதவருக்கு எதற்குக் கண்ணாடி?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. அவர் பாட்டுகளை வெளியிட்ட பாரமவுண்ட் கம்பெனி, விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்தவர்களுடையது. கிராமபோன் பெட்டிக்கு மரவேலை செய்யப் போய், பெட்டியில் போட்டுக் கேட்க இசைத்தட்டும் செய்தார்கள் என்று பேச்சை மாற்றினேன். அது அத்தைக்குப் பிடித்திருந்தது. "பிழைக்கத் தெரிந்தவர்கள்" என்றாள்.

விபரீதம் நடந்தது மூன்றாம் நாள் இரவு. பிளைண்ட் வில்லி ஜான்சன் 1927-இல் டாலஸில் பதிவுசெய்த ஒரு பாட்டை வைத்தேன். அதில் சொல்லே கிடையாது. கிடார் ஒரு பக்கம் இழுத்து அழும். அவர் அதோடு சேர்ந்து முனகுவார். இரண்டு ஸ்பீக்கரையும் போட்டிருந்தேன், ஜன்னலும் திறந்திருந்தது.

அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டுப் பெரியவர். தோளில் துண்டு, முகத்தில் துக்கம். என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். மங்கிய வெளிச்சம், கறுப்புக் கண்ணாடியோடு சிலை மாதிரி அத்தை, பின்னணியில் முனகல். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை மணிக்கு?" என்றார் மெல்ல.

எனக்குப் புரியவில்லை. அத்தைக்குப் புரிந்துவிட்டது, அவள் புரிந்துகொண்ட வகையில். உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "காலையில் எட்டுக்கு ஒன்று, மத்தியானம் பன்னிரண்டுக்கு ஒன்று, ராத்திரி பத்துக்கு ஒன்று."

பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

சொட்டு மருந்து என்று விளக்கி, தண்ணீர் கொடுத்து உட்கார வைப்பதற்குள் என் மனைவி எழுந்து வந்துவிட்டாள். அவள் பார்த்த பார்வையைப் பற்றி இங்கே எழுதுவதாக இல்லை. நிலைமையைச் சமாளிக்க, இது சாதாரணப் பாட்டு அல்ல, 1977-இல் வாயேஜர் விண்கலத்தில் தங்க முலாம் பூசிய தட்டில் பதித்து அனுப்பிய பாட்டு என்று பெரியவரிடம் சொன்னேன்.

"ஆகாயத்துக்கு ஒப்பாரியையா அனுப்பினார்கள்?" என்றாள் அத்தை.

"நம் நாட்டு ஹிந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடியதும் அதில் இருக்கிறது. 55 மொழிகளில் வணக்கமும் உண்டு."

"தமிழில் யார் சொன்னார்கள்?" என்றார் பெரியவர், நிமிர்ந்து உட்கார்ந்து.

தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம்கூட இருக்கிறது. தமிழ் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. பெரியவர் வந்தபோது முகத்தில் இருந்த துக்கம் அப்படியே திரும்பி வந்தது.

அவர் போன பிறகு அத்தை கேட்டாள்: "அந்தக் கம்பியை இழுக்கிறானே, கோட்டுவாத்தியம் மாதிரி இல்லையா? ரேடியோவில் போடுவார்களே."

எனக்குச் சுரீர் என்றது. விரலில் கண்ணாடிப் புட்டியின் கழுத்தை மாட்டிக்கொண்டோ, கத்தியின் முதுகாலோ கிடார் கம்பியில் வழுக்குவதுதான் ஸ்லைடு. 1903 வாக்கில் டட்வைலர் என்ற சிற்றூரின் ரயில் நிலையத்தில், 9 மணி நேரம் தாமதமான ரயிலுக்குக் காத்திருந்தபோது ஒருவர் கத்தியை வைத்து இப்படி வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி எழுதியிருக்கிறார். கோட்டுவாத்தியத்தில் வீணையில் இருப்பது போன்ற மெட்டுக்கட்டைகள் கிடையாது. அதிலும் கட்டையை வைத்துக் கம்பியில் வழுக்குவதுதான். இந்த இரண்டையும் ஒரே அறையில் உட்கார வைத்த ஆல்பம் ஒன்று 1995-இல் வந்திருக்கிறது. ப்ளூஸ் பாடகர் தாஜ் மஹால், சித்திரவீணை (கோட்டுவாத்தியத்தின் இன்னொரு பெயர்) ரவிகிரண், மோகன வீணை விஷ்வ மோகன் பட் மூவரும் சேர்ந்தது. பெயர் 'மும்தாஜ் மஹால்'. என் பட்டியலில் ஆறு வருடமாகக் கிடந்தது. கேட்டதில்லை. அன்று இரவே, ஒலியைக் குறைத்து, கேட்டோம். மூன்றாவது பாட்டில் அத்தை தொடையில் தாளம் போட ஆரம்பித்தாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கார்டு எங்கே மாறுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்ததில் பாட்டை விட்டுவிட்டேன்.

புதியவர்களையும் வைத்துப் பார்த்தேன். கிங்ஃபிஷ் இங்ரமின் '662' அத்தைக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. அது வடக்கு மிஸ்ஸிசிப்பியின் டெலிபோன் குறியீட்டு எண் என்றதும், "நம் ஊர் எண்ணை வைத்து யாராவது பாடினால் சொல்" என்று முடித்துவிட்டாள். "புது ஆளாக யாராவது?" என்றபோது, தன் வாழ்நாளின் முதல் கிராமி விருதை வாங்கியவர் என்று பாபி ரஷ்ஷை வைத்தேன். வயது கேட்டாள். அந்த விருதை வாங்கும்போது 83 என்றேன். "இதுதான் உன் புது ஆளா?" என்றாள். ஆனால் முழு ஆல்பமும் கேட்டாள்.

அவள் மனதில் நின்றவர் மிஸ்ஸிசிப்பி ஜான் ஹர்ட். அவர் கதையைப் பாட்டைவிட அதிகமாகக் கேட்டாள். 1928-இல் சில பாட்டுகளைப் பதிவுசெய்தார். தட்டுகள் விற்கவில்லை, கம்பெனி மறந்துவிட்டது, அவர் ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்குப் போய்விட்டார். ஒரு பாட்டில் மட்டும் அவலான் என் சொந்த ஊர் என்று பாடியிருந்தார். 35 வருடங்கள் கழித்து, 1963-இல், டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வரைபடத்தில் அவலானைத் தேடி, நேரே போய் விசாரித்து, அவர் வீட்டையே கண்டுபிடித்துவிட்டார். ஹர்ட்டிடம் அப்போது கிடார்கூட இல்லை. வந்தவர்தான் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அதே வருடம் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் ஆயிரக்கணக்கானவர்கள் முன்னால் பாடினார். மூன்று வருடங்கள் புகழோடு இருந்துவிட்டு 1966-இல் இறந்துபோனார்.

"நிலம் சொந்தமா?"

"இல்லை அத்தை. அடுத்தவர் நிலம்."

"35 வருடம் அடுத்தவன் மாட்டையும் காட்டையும் பார்த்துவிட்டு, குரலில் ஒரு கசப்பும் இல்லையே" என்றாள். உண்மைதான். ஹர்ட் பாடினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். அந்த ஒருவரை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும்போது, அவளுடைய ரேடியோப் பெட்டியில் செருகும் மெமரி கார்டை நீட்டினாள். சீர்காழி கோவிந்தராஜன் பாட்டுகளுக்குக் கீழே ஜான் ஹர்ட்டையும், அந்த ஆகாய ஒப்பாரியையும் ஏற்றிக் கொடுத்தேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே பஸ் ஏறினாள். கழற்றலாம் என்று டாக்டர் சொல்லி மூன்று நாள் ஆகியிருந்தது.

போன வாரம் காலை ஆறரை மணிக்கு அத்தையிடமிருந்து போன்.

"காலையில் எழுந்தேன் மருமகனே, மோட்டார் ஓடவில்லை."

சிக்னல் சரியில்லை. "என்ன அத்தை?" என்றேன்.

"காலையில் எழுந்தேன் மருமகனே, மோட்டார் ஓடவில்லை."

படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வாயைத் திறக்காமல் மூன்றாவது வரிக்காகக் காத்திருந்தேன்.

"ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கினவன் வீட்டு வாசலில்தான் நிற்கிறேன்" என்றாள் அத்தை.