லேப் பிள்ளைகள் கலக்குகிறார்கள்

மனநலச் சிக்கல்கள் மக்களிடையே எவ்வளவு பரவியிருக்கின்றன என்று ஆராயும் எங்கள் மனநல எபிடெமியாலஜி லேபில் இந்த மாதம் ஸ்வீட் பெட்டிக்கு ஓய்வே இல்லை. மூத்த மாணவி பிஎச்.டி. வைவாவை முடித்துவிட்டார். இன்னொருவரின் முதல் கட்டுரையை ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது. வாழ்த்துகள்!

ஆனால் எனக்கு ரொம்பப் பெருமை, களத்துக்குப் போகும் தம்பி தங்கைகளால்தான். அவர்கள் வீடு வீடாகப் போய்க் கேட்கும் பிஎச்க்யூ-9 என்பது, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, கடந்த இரண்டு வாரங்களைப் பற்றிய ஒன்பதே கேள்விகள். கடைசிக் கேள்வி, செத்துப்போகலாம் என்று தோன்றியதா என்பது. மாமியாரும் பக்கத்து வீட்டாரும் சுற்றி நிற்கும் திண்ணையில் அதை எப்படிக் கேட்பது? பொறுமையாகத் தனியிடம் பார்த்துக் கேட்கிறார்கள். 'ஆமாம்' என்று பதில் வந்தால், ஆலோசகரிடம் பேசவைக்காமல் கிளம்புவதில்லை. இதற்கெல்லாம் யார் பட்டம் தருகிறார்கள்?

பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 34,802 பெரியவர்களிடம் பேசினார்கள். நூற்றில் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலச் சிக்கல். அவர்களில் பெரும்பாலோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. அந்த எண்களும் இப்படி வீடு வீடாகப் போனவர்கள் கொண்டுவந்தவைதான். வழக்கமாக அவர்கள் பெயர் நன்றியுரையின் மூலையில் கிடக்கும். எங்கள் அடுத்த கட்டுரையில் ஆசிரியர் பட்டியலிலேயே வருகிறது. புரொபசர் சரி சொல்லிவிட்டார். பிரியாணிச் செலவும் அவருடையதே!