கருக்கால மரபணு ஆலோசகர் ஆன கதை

மனித மரபியலில் எம்.எஸ்சி. முடித்ததும் ஒரு குரோமோசோம் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ரிப்போர்ட்டை அச்சடித்து உறையில் போட்டால் எங்கள் வேலை முடிந்தது. அதை வாங்கிக்கொண்டு போகும் தம்பதிகள் மருத்துவர் அறையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, பாதி புரிந்தும் புரியாமலும் மறுபடி எங்கள் வாசலுக்கே வந்து நிற்பார்கள். "இதுல என்னதான் போட்டிருக்கு?" என்று கேட்பார்கள். அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும் என்று தோன்றியது. அப்படித்தான் கருக்கால மரபணு ஆலோசனைப் பக்கம் வந்தேன்.

இந்தத் துறைக்கென்று முதல் முதுகலைப் படிப்பு 1969-இல் அமெரிக்காவின் சாரா லாரன்ஸ் கல்லூரியில் தொடங்கியது. நம் நாட்டில் மணிப்பால் போன்ற சில இடங்களில்தான் தனிப் படிப்பு இருக்கிறது. என்னைப் போலப் பலர் மரபியலோ உயிரித் தொழில்நுட்பமோ படித்துவிட்டு, மருத்துவமனையில் பயிற்சி எடுத்து வந்தவர்கள். எம்.பி.பி.எஸ். கட்டாயம் இல்லை. சான்றிதழ் வழங்க போர்டு ஆஃப் ஜெனடிக் கவுன்சலிங் இந்தியா என்ற அமைப்பு இருக்கிறது. ஆனால் சான்றிதழை விட, நல்ல மூத்த ஆலோசகர் பக்கத்தில் உட்கார இடம் கிடைப்பதுதான் பெரிது. எனக்குக் கிடைத்தது.

பயிற்சியில் முதலில் கையில் கொடுத்தது வெள்ளைத் தாளும் பென்சிலும். குடும்ப வரைபடம் போட வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், வயிற்றில் இருக்கும் சிசுவுக்குச் சாய்சதுரம். சிசுவின் பாலினத்தைச் சொல்லாலோ சைகையாலோ தெரிவிப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதால், இங்கே அந்தச் சாய்சதுரம் ஒருநாளும் வட்டமோ சதுரமோ ஆகாது. சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவே இரட்டைக் கோடு. நம் பக்கம் அந்த இரட்டைக் கோடு அடிக்கடி வரும். சில வீடுகளில் பாட்டி தலைமுறையிலும் இன்னொன்று வரும்.

தாளில் கோடு போடுவது எளிது. தகவல் வாங்குவதுதான் பாடு. கலைந்துபோன கர்ப்பத்தையும், பிறந்து சில நாளில் தவறிய குழந்தையையும் மாமியார் எதிரில் யாரும் சொல்ல மாட்டார்கள். என் மூத்தவர் "அம்மா, நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்க" என்று பக்குவமாக அனுப்பிவிட்டு, அதே கேள்வியை மறுபடி கேட்பார். பதில் வேறாக வரும். அதே மாமியாரை உள்ளே கூப்பிட்டு, தாய்மாமனைக் கட்டிய மருமகளின் கோடும் மகனின் கோடும் மேலே ஒரே தம்பதியிடம் போய்ச் சேர்வதைக் காட்டுவார். "எங்க வீட்ல யாருக்கும் இப்படி இல்லையே, இவ வழியில வந்ததா?" என்ற பேச்சு பெரும்பாலும் அந்த இடத்தில் அடங்கும். மருமகள் தலை நிமிர்வதைப் பார்த்திருக்கிறேன்.

எண்களைச் சொல்வதும் அப்படித்தான். தலசீமியா என்ற ரத்த நோய்க்குக் கணவன் மனைவி இருவரும் கேரியராக, அதாவது தங்களுக்கு நோய் இல்லாமல் அதன் மரபணுப் பிழையை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், நோயுள்ள குழந்தை பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. இதைக் கேட்டதும் "ஒண்ணு பிறந்தாச்சு, அப்போ அடுத்த மூணும் நல்லாயிருக்கும்" என்று நினைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் சீட்டைப் புதிதாகக் குலுக்கிப் போடுவது போல என்று சொல்லி, திரும்ப அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்வேன். அப்போதுதான் புரிந்ததா என்று தெரியும்.

அப்புறம், வாரக் கணக்கு. சிசுவுக்குக் குரோமோசோம் கோளாறு இருக்க வாய்ப்புண்டா என்று தாயின் ரத்தத்திலிருந்து பார்க்கும் என்.ஐ.பி.டி. சோதனையை 10-ஆவது வாரத்திலிருந்து செய்யலாம். அது சலித்தெடுக்கும் சோதனை மட்டுமே, அதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. உறுதி செய்ய நஞ்சுத் திசு, அதாவது நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு, எடுப்பது 11-ஆவது வாரத்துக்கு மேல், பனிக்குட நீர் எடுப்பது பெரும்பாலும் 16-ஆவது வாரத்துக்கு மேல். முடிவு வர இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்ட பிறகு, சிசுவுக்குக் கடுமையான குறைபாடு என்று மருத்துவக் குழு உறுதி செய்தால் 24 வாரம் தாண்டியும் அனுமதி உண்டு. அதற்காக நாளைக் கடத்தலாம் என்று அர்த்தமில்லை. வாரம் ஏற ஏற அந்தப் பெண்ணுக்கு உடலாலும் மனதாலும் கடினம்.

எல்லோரும் கடைசியில் கேட்பது ஒன்றுதான்: "உங்க தங்கச்சியா இருந்தா என்ன செய்யச் சொல்வீங்க?" முடிவை நாங்கள் சொல்லக் கூடாது. அதற்காகச் சும்மா உட்கார்ந்திருப்பதும் தவறு. எதை நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று கேட்பேன். பணமா, ஊர்ப் பேச்சா, எங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்பதா? டவுன் சிண்ட்ரோம் குழந்தையை வளர்க்கும் பெற்றோரிடம் பேச விருப்பமா என்றும் கேட்பேன். பேசிவிட்டு வந்து தொடர்ந்தவர்களும் உண்டு, கலைத்தவர்களும் உண்டு. இருவரிடமும் ஒரே மரியாதையோடு நடப்பதுதான் இந்தத் தொழில் என்று நம்புகிறேன்.

வேலை தேடிய காலம் கசப்பு. பல மருத்துவமனைகளில் "அதையெல்லாம் டாக்டரே சொல்லிடுவாங்க" என்றார்கள். ஒரு நிறுவனத்தில் ஆலோசகர் பதவி என்று கூப்பிட்டு, மாதம் இத்தனை டெஸ்ட் விற்க வேண்டும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். விற்பனை இலக்கு உள்ளவர் எதிரில் இருக்கும் தம்பதிக்கு நேர்மையாக ஆலோசனை சொல்ல முடியாது. புதிதாக வருகிறவர்கள் வேலைக்குச் சேரும் முன் இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு கரு மருத்துவ மையத்தில் சேர்ந்தேன், இன்றும் அங்கேதான்.

எங்களிடம் திரும்பத் திரும்ப வரும் ஒரு நிலைமையைச் சொல்ல வேண்டும். முதல் குழந்தை காரணம் தெரியாமல் ஒரு வயதுக்குள் தவறியிருக்கும். இப்போது மறுபடி 9 வாரக் கர்ப்பம். இந்த முறையாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா என்று கேட்பார்கள். அந்தக் குழந்தையின் டி.என்.ஏ. இருந்தால் மரபணுப் பிழையைத் தேட முடியும். கிடைத்துவிட்டால் அதை மட்டும் நஞ்சுத் திசுவில் பார்த்தால் போதும். டி.என்.ஏ. இல்லையென்றால் பெற்றோர் இருவரையும் சோதித்து, நேரத்தோடு போட்டி போட வேண்டியிருக்கும். பல சமயம் உறுதியான பதில் கிடைப்பதில்லை.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் மருத்துவர்களும் செவிலியர்களும் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் ஒரு குழந்தை கைமீறிப் போகிறது என்றால், பெற்றோரின் சம்மதத்தோடு ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, டி.என்.ஏ.வைப் பிரித்துச் சேமிக்க ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும். எங்கே சேமித்திருக்கிறது என்பதை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி, ஒரு நகலைப் பெற்றோர் கையில் கொடுத்து அனுப்புங்கள்.