வீடணன் வந்து நின்ற கரை

ராமேஸ்வரம் போகிறவர்கள் அக்னி தீர்த்தத்தில் முழுகி, உள்ளே 22 தீர்த்தமும் ஆடி, சாமி கும்பிட்ட கையோடு அரிச்சல்முனைக்கு வண்டியை விட்டுவிடுகிறார்கள். வழியில் பிரிகிற சாலையில், சுற்றிலும் தண்ணீர் கிடக்க நடுவே நிற்கும் கோதண்டராமர் கோயிலுக்குப் பத்து நிமிஷம்கூட ஒதுக்குவதில்லை. எனக்கு அதில் ரொம்ப வருத்தம். வீடணன் ராமரிடம் அடைக்கலம் கேட்டு வந்த இடம் இது என்பது நம்பிக்கை. சன்னதியில் ராமர், சீதை, லட்சுமணரோடு அவரும் இருக்கிறார். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியையே வாரிக்கொண்டு போனபோதும் கோயில் நின்றது, வருகிற எல்லோரும் முதலில் அதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, சுவரில் வரைந்திருக்கும் அந்த அடைக்கலக் கதை. எதிரியின் தம்பி, நாலு பேரோடு வந்து நிற்கிறான். சுக்ரீவனுக்குச் சந்தேகம். வரக்கூடாதா பின்னே? அண்ணனை விட்டு வந்தவன் நாளைக்கு நம்மையும் விடமாட்டான் என்று என்ன நிச்சயம்? ராமர் அந்தக் கேள்வியை அடக்கவில்லை, ஒவ்வொருவரையும் பேசவிட்டுக் கேட்கிறார், அனுமன் இவனை நம்பலாம் என்று காரணத்தோடு சொல்வதையும் கேட்கிறார், அப்புறம்தான் தன் முடிவைச் சொல்கிறார். அதோடு, சந்தேகப்பட்ட அதே சுக்ரீவனையே போய் அழைத்து வரச் சொல்கிறார். கம்பர் இதற்கென்று ஒரு படலமே வைத்திருக்கிறார். ஏற்றுக்கொண்ட பிறகு வீடணனை ஓரமாக வைக்கவில்லை. கடலைக் கடக்க என்ன வழி என்று அவனிடமே யோசனை கேட்டார்கள்.

நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. கேட்க வேண்டிய நேரத்தில் "தப்பா நினைச்சுக்குவாங்க" என்று வாயை மூடிக்கொள்கிறோம், சரி என்று தலையாட்டிய பிறகு வருஷக்கணக்கில் உள்ளுக்குள் சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிறோம். சொந்தபந்தம் பாதி இப்படித்தான் கெட்டுப்போகிறது.

கோயில் வாசலில் சங்கு, பாசிமணி விற்கும் ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் கடலுக்குப் போகிறவன். சிப்பி மாலையின் சிக்கலை நகத்தால் எடுத்தபடியே, நிமிராமல் சொன்னார்: "சாமி பாத்துக்கிரும்தான். அதுக்காக பாம்பன்ல கூண்டு ஏத்துன அன்னைக்குப் படக அவுக்க முடியுமா?" புயல் கூண்டைச் சொன்னார். சாமி மேல் பாரத்தைப் போட்டவர்தான், கூண்டையும் பார்க்கிறார். இரண்டுக்கும் அவர் மனசில் சண்டையே இல்லை.

என்னோடு வந்திருந்த அக்கா அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். சொந்தக்காரர் ஒருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டு, இவள் முடியாது என்றும் சொல்லாமல் சரி என்றும் சொல்லாமல் தூக்கம் கெட்டுக் கிடந்தாள். நல்ல மனுஷர்தான், ஆனாலும் பயம். வண்டியில் ஏறியதும் அவரையே போனில் கூப்பிட்டாள்.

"மாமா, கையெழுத்துப் போடுறதப் பத்திப் பேசணும். எவ்வளவு கடன், எதுக்கு, மாசம் எவ்வளவு கட்டணும், எல்லாக் காகிதத்தையும் ஒருதரம் காட்டுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றார். மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடுங்கள் என்றாள் அக்கா.