நாவல் நடுவுல ஏன் தொய்யுது

நாவல் எடிட்டிங் வேலைல இருக்கறதால அடிக்கடி காதுல விழற புகார் ஒண்ணுதான், நடுவுல தொய்யுது. எழுதினவங்களுக்கே அது நல்லா தெரியும், டிராஃப்ட் அனுப்பும்போதே சொல்லிடுவாங்க, முதல் நூறு பக்கம் ஓடுது அதுக்கப்புறம் நகரவே மாட்டேங்குது என்ன பண்றதுன்னு. சில பேர் அவங்களே வைத்தியமும் பாத்திருப்பாங்க, வர்ணனையெல்லாம் வெட்டி, வாக்கியத்தை குட்டி குட்டியா ஒடச்சு, நடுவுல ஒரு ஆக்சிடென்ட்டோ ஒரு சாவோ சேர்த்து. அப்பவும் தொய்யும். ஏன்னா கோளாறு வாக்கியத்துல இல்ல, கதைக்கு பிளாட், அதாவது சம்பவங்களோட திட்டம், போடும்போதே எதுக்கு எத்தன பக்கம்னு யோசிக்காம விட்டதுல இருக்கு.

ழெரார் ழெனெத்ங்கற பிரெஞ்சு விமர்சகர் 1972ல இத ரொம்ப தெளிவா பிரிச்சு வச்சிருக்கார். கதைக்குள்ள ஓடற நேரம் ஒண்ணு, அதுக்கு செலவாகற பக்கம் இன்னொண்ணு. ரெண்டும் ஏறக்குறைய சமமா போனா அது சீன், பேச்சுக்குப் பேச்சு கூடவே இருப்போம். பத்து வருஷத்த ஒரு பத்தில சொன்னா சுருக்கம். சொல்லாமலே தாண்டிட்டா தாவல். கதை நின்னு போய் பக்கம் மட்டும் ஓடினா அது நிறுத்தம், வர்ணனையெல்லாம் பெரும்பாலும் இதுலதான் வரும். இந்த நாலுல எதுவும் தப்பு கிடையாது, எந்த சம்பவத்துக்கு எது போகுதுங்கறதுதான் விஷயம்.

நான் அடிக்கடி பாக்கற மாதிரி ஒரு கதைய எடுத்துக்கறேன். சண்ட போட்டுட்டு வீட்ட விட்டுப் போன தம்பி இருபது வருஷம் கழிச்சு அண்ணனப் பாக்கத் திரும்பி வர்றான். டிராஃப்ட்ல பயணத்துக்கு ரெண்டு சாப்டர், ஜன்னலுக்கு வெளிய என்ன தெரிஞ்சுது, பக்கத்து சீட்டுக்காரர் என்ன பேசினாருன்னு எல்லாம் இருக்கும். அண்ணனப் பாக்கற இடம் வந்ததும் "இருவரும் மனம் விட்டுப் பேசினார்கள். பழைய கசப்பெல்லாம் கரைந்தது"ன்னு ரெண்டே வரி. படிக்கறவங்க இருநூறு பக்கமா காத்திருந்தது அண்ணன் முதல்ல என்ன சொல்லப் போறார்ங்கறதுக்குத்தான், அது இங்க சுருக்கமாப் போயிடுச்சு, யாரும் கேக்காத பயணம் சீனா விரிஞ்சு கிடக்கு. ஏன் இப்படி ஆகுதுன்னா பயணம் எழுத சுலபம், அந்த சந்திப்பு எழுத கஷ்டம், கை தானா சுலபமான பக்கம் போயிடும்.

இத திருத்தறப்ப பயணத்த அப்படியே தாவிடச் சொல்வேன், மறுநாள் காலைல அண்ணன் வீட்டு வாசல்ல நிக்கறான், போதும். மிச்சமான பக்கமெல்லாம் அந்த வாசலுக்கு. கதவத் திறந்த அண்ணன் ஒண்ணும் பேசாம கண்ணாடிய தேடிக்கிட்டு உள்ள போறார், தம்பி படியிலயே நிக்கறான், உள்ள ஒரு டிராயர் திறக்கற சத்தம், மூடற சத்தம், இன்னொரு டிராயர். ஒரு பக்கம் முழுக்க எதுவும் நடக்கல ஆனா யாரும் புத்தகத்த கீழ வைக்க மாட்டாங்க. வேகம் வேணும்னா பக்கத்த குறைக்கணும்னு எல்லாரும் நினைக்கறாங்க, நான் பாத்த வரைக்கும் சரியான இடத்துல நிறுத்தி நிதானமா எழுதினாலே கதை வேகமா போற மாதிரிதான் இருக்கும்.

அதே மாதிரி பெரிய சீன் முடிஞ்சதும் மூச்சு விட இடம் வேணும். அமெரிக்க எழுத்தாளர் ட்வைட் ஸ்வெயின் 1965லயே இதுக்கு ஒரு வடிவம் சொல்லியிருக்கார், சீனுக்கு அப்புறம் வர்ற பகுதில முதல்ல மனசுல ஒரு பாதிப்பு, அப்புறம் என்ன பண்றதுன்னு ஒரு குழப்பம், கடைசில ஒரு முடிவு. நாவல் முழுக்க இதையே பிடிச்சுக்கிட்டு எழுதினா இயந்திரத்தனமா ஆயிடும், ஆனா தொய்யற சாப்டர சோதிச்சுப் பாக்க ரொம்ப உதவும். நாயகி மொட்ட மாடில நின்னு யோசிக்கறா, யோசிக்கறா, எந்த முடிவும் எடுக்காம இறங்கி வந்துடறான்னா தொய்வு அங்கதான்.

இதையெல்லாம் பிளாட் போடறப்பவே பிடிக்கறதுக்காக சாப்டருக்கு ஒரு வரின்னு ஒரு தாள் போடச் சொல்றேன், கதைக்குள்ள எவ்வளவு நேரம் போகுது, எத்தன பக்கம், சாப்டர் முடியும்போது படிக்கறவங்க மனசுல என்ன கேள்வி இருக்குன்னு. இந்த மூணாவது கட்டம் எங்க காலியா இருக்கோ அங்கதான் புத்தகம் மூடப்படும். ஒரு கேள்விக்கு பதில் சொல்றதுக்கு முன்னாடியே அடுத்தது கிளம்பியிருக்கணும். அடுத்தடுத்த ரெண்டு சாப்டர்ல ஒரே கேள்வி அப்படியே மாறாம இருந்தா, அநேகமா அந்த ரெண்டுலயும் நடக்கறது ஒரே விஷயந்தான், சேர்த்துடலாம். அதுக்காக ஒவ்வொரு சாப்டரையும் கதவு தட்டற சத்தத்தோட முடிக்கறதும் எனக்குப் பிடிக்கல, மூணாவது தடவையே உத்தி வெளிய தெரிஞ்சுடும்.

தாள்ல கடைசி நாலஞ்சு வரிய மட்டும் தனியா உக்காந்து பாப்பேன். முடிவு நெருங்க நெருங்க எழுதறவங்களுக்கு களைப்பு வந்துடுது, அதனால அங்க மட்டும் திடீர்னு எல்லாமே சுருக்கமாயிடுது. அந்தப் பக்கங்கள ஆரம்பத்துலயே ஒதுக்கி வச்சுட்டு, நடுவுல எவ்வளவு ஆசையா ஒரு கிளைக்கதை வந்தாலும் அதுக்காக ஒதுக்கின பக்கத்துல கை வைக்காதீங்கன்னு கேட்டுக்கறேன்.