நுனாவுட்டில் முதல் ஆசிரியர் வேலை: கையெழுத்துப் போடுவதற்கு முன்

பி.எட். முடித்த கையோடு முழுநேர வகுப்பு வேண்டும் என்பவர்களுக்குக் கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் நல்ல வாய்ப்பு. சம்பளத்துக்கு மேல் வடக்குப் படியும் உண்டு, தொகை ஊருக்கு ஊர் மாறும். விண்ணப்பிக்கிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றியே விசாரிக்கிறார்கள். குளிருக்கு நல்ல பார்க்கா (தலைமூடி வைத்த தடித்த அங்கி) போதும். முதல் வருடக்காரர்களைத் திணறடிப்பது வீடும் வகுப்பும்தான்.

மொத்தம் 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. எல்லாமே விமானத்தில் வரும், அல்லது கோடையில் சரக்குக் கப்பலில். கப்பலுக்கு மாதக்கணக்கில் முன்பே ஆர்டர் கொடுத்திருக்க வேண்டும் என்பதால், ஜூன் மாதம் வேலை உறுதியாகிறவருக்குப் பெரும்பாலும் அந்த வருடக் கப்பல் இல்லை. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூளை டொராண்டோவிலேயே வாங்கிப் பெட்டியில் கட்டிக்கொள்வது நல்லது. உள்ளூர்க் கடையில் காய்கறி விலை தலைசுற்ற வைக்கும். மூன்று மாத மருந்து கையில் இருக்கட்டும், பல் வைத்தியத்தையும் புறப்படும் முன்பே முடித்துவிடுங்கள். அநேக ஊர்களில் இருப்பது செவிலியர் நிலையம், மருத்துவர் அவ்வப்போதுதான் வந்து போவார்.

பெரும்பாலான ஊர்களில் தண்ணீர் லாரியில் வந்து வீட்டுத் தொட்டியில் நிரம்பும், கழிவுநீரை வேறொரு லாரி உறிஞ்சிக்கொண்டு போகும். கழிவுத் தொட்டி நிரம்பினால் நல்ல தண்ணீர் பம்ப் தானாக நின்றுவிடும்படி பல வீடுகளில் அமைத்திருக்கிறார்கள். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும், குழாயில் சொட்டு வராது. புதிதாக வந்தவர் பம்ப் கெட்டுவிட்டதென்று நினைப்பார். பனிப்புயலில் இரண்டு லாரியும் ஓடாது. எச்சரிக்கை வந்த அன்றே இரண்டு வாளி பிடித்து வையுங்கள், துணி துவைப்பதைத் தள்ளிப்போடுங்கள்.

தொலைபேசி நேர்காணலில் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். வீடு தனியா, பகிர்வதா? வாடகை சம்பளத்தில் பிடிப்பார்களா? பயணச் செலவு முன்பணமா, பிறகு தருவதா? நடுவில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டுமா? கடைசியாக ஒரு கேள்வி: இந்த வகுப்புக்குப் போன வருடம் எத்தனை ஆசிரியர்கள் வந்து போனார்கள்? மற்ற பதில்கள் எல்லாவற்றையும்விட இதற்கு வரும் பதில் உங்களுக்கு அதிகம் சொல்லும்.

பல பள்ளிகளில் முதல் மூன்று நான்கு வகுப்புகள் அங்குள்ள பூர்வகுடிகளான இன்யூட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் நடக்கும், பிறகு ஆங்கிலம். அந்த மாற்றம் நடக்கும் வகுப்பு உங்கள் கைக்கு வந்தால், பிள்ளைக்குப் பாடம் புரியவில்லையா ஆங்கிலம் புரியவில்லையா என்று பிரித்தறிவதே பாதி வேலை. இன்யூட் உதவி ஆசிரியர் இருக்கிறாரா என்பதையும் நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள். இனுக்டிடுட் எழுத்து நமக்குப் பிடிபடும்: ஒரே மெய் வடிவத்தைத் திருப்பி வைத்தால் உயிர் மாறும். பெயர்ப் பட்டியலையாவது அதில் படிக்கப் பழகுங்கள்.

கேள்வி கேட்டால் பிள்ளை பேசாமல் உட்கார்ந்திருக்கும். முகத்தைப் பாருங்கள். புருவம் உயர்ந்தால் ஆம், மூக்கு சுருங்கினால் இல்லை. பதில் வந்துவிட்டது. அதைக் கவனிக்காமல் இரண்டாம் முறை குரலை உயர்த்திக் கேட்கிற ஆசிரியர் வகுப்பை இழக்கிறார்.

வருகை குறைந்தால் வீட்டுக்கு அதட்டலாகக் கடிதம் அனுப்பாதீர்கள். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளில் கடைசியானது 1990களில்தான் மூடப்பட்டது. தாத்தா பாட்டிகளுக்குப் பள்ளி என்றால் அந்த நினைவுதான். முடிந்தால் நேரில் போங்கள், பிள்ளையிடம் பார்த்த நல்லதை முதலில் சொல்லுங்கள். இளவேனிலில் குடும்பங்கள் வேட்டைக்கும் முகாமுக்கும் கிளம்பும்போது வகுப்பு காலியாகும். கடினமான பாடங்களை அதற்கு முன்பே முடித்துவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

இரண்டு வருடமாவது இருக்க மனமில்லாதவர் போகாமலிருப்பது மேல். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்த் திரும்பாத ஆசிரியர்களைப் பார்த்துப் பழகிய பிள்ளைகள், புதியவரிடம் ஒட்டவே மாதங்கள் எடுத்துக்கொள்வார்கள். அந்த விலகலை ஒழுங்கீனம் என்று எழுதி வைக்காதீர்கள்.

வரி விஷயம் ஒன்று. தொடர்ந்து ஆறு மாதம் அங்கே குடியிருந்தால் டி2222 படிவத்தில் வடக்கு வாசிகளுக்கான வரிக் கழிவு கேட்கலாம். ஒரு வீட்டில் ஒருவர் மட்டும் கேட்டால் நாளுக்கு 22 டாலர், பகிர்ந்திருப்பவரும் கேட்டால் ஆளுக்கு 11. வீட்டுத் தோழரிடம் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.