குரல்வளையை முழுதாக எடுக்கும் முன் சொல்ல வேண்டியவை

"பேச்சு போயிடுமா டாக்டர்?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். பழைய குரல் போகும் என்று நேராகச் சொல்லிவிடுவதே மரியாதை. ஆனால் வீட்டார் அதிகம் தடுமாறுவது மூச்சு விஷயத்தில். குரல்வளையை எடுத்தபின் மூச்சுக்குழாயை அடிக்கழுத்தில் தோலோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். அந்தத் துளை நிரந்தரம், இனி மூச்சு அதன் வழியாக மட்டும்தான். அவசரத்தில் ஆக்சிஜனை மூக்கில் வைத்துப் பயனில்லை, கழுத்தில்தான் வைக்க வேண்டும். படம் வரைந்து காட்டி, அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்ததாக அர்த்தமில்லை.

பேசுவதற்கு மூன்று வழி: காற்றை உள்ளிழுத்து ஏப்பம்போல் வெளிவிட்டுப் பேசும் உணவுக்குழாய்ப் பேச்சு, கழுத்தில் அழுத்திப் பேசும் எலக்ட்ரோலாரிங்ஸ் கருவி, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவே பொருத்தும் வால்வு. வால்வுப் பேச்சுதான் பெரும்பாலும் தெளிவு. ஆனால் தினமும் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும், சில மாதங்களுக்கொருமுறை மாற்ற வேண்டும். பூஞ்சை படிந்தால் வால்வு சரியாக மூடாது. குடிக்கும் தண்ணீர் மூச்சுக்குழாயில் கசிந்து இருமல் வரும். மாற்றும் செலவையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

வாசனை உணர்வது குறையும். முக்கிப் பளு தூக்குவது சிரமம். நீச்சல் கூடாது.

மூக்குக் குழாயில் உணவு வழக்கமாக 7 முதல் 10 நாள். முன்பே கதிர்வீச்சு எடுத்தவருக்குத் தையல் விட்டு எச்சில் கசியும் வாய்ப்பு அதிகம் என்பதால் நாள் நீளலாம். எழுதத் தெரியாதவருக்குப் பட அட்டையை ஆபரேஷனுக்கு முன்பே பழக்குங்கள்: வலி, தண்ணீர், சளி உறிஞ்ச வேண்டும், மூச்சு முட்டுகிறது.